பதினோராவது விதி

எங்கள் வீட்டுத் திட்டத்தின் விதிகளை எழுதியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வாசித்த பிறகு "எந்த மடையன் இதை எழுதினான்" என்று நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். அப்போது தலை குனிவதை விட இப்போதே குனிந்துகொள்வது எனக்கு வசதி.

மட்டக்களப்பு வாவிக்கரையில் முன்பு தென்னந்தோட்டமாக இருந்த நிலம் அது. அதைத் துண்டு போட்டுப் பதினெட்டு வீடுகள் கட்டி விற்றார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே கூரை, ஒரே மஞ்சள். வாசலில் ஒரு பெரிய இரும்பு கேற், நடுவில் ஒரு கொங்கிறீட் பாதை, பாதை முடிகிற இடத்தில் வாவி. எங்களுடையது ஐந்தாம் இலக்கம். மனைவியின் சீதனக் காணியை விற்று வாங்கிய வீடு என்பதால் காணி உறுதிப் பத்திரம் அவள் பெயரில் இருந்தது. சீதனக் காணி இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருந்திருக்கும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது, ஆண் கல்யாணம் முடித்து அங்கே போய்ச் சேருகிறவன். ஆக, நான் அந்த வீட்டில் ஒரு வேளை சோற்றுக்கும் ஒரு சாய்மனைக் கதிரைக்கும் மட்டும் உரித்துள்ளவன்.

உறுதியோடு ஆங்கிலத்தில் இரண்டு பக்க நிபந்தனைகள் வந்தன. மதில் இவ்வளவு உயரம், சுவருக்கு இந்த நிறம், ஆடு மாடு கோழி கூடாது, வீட்டின் முன்பக்கம் உடுப்புக் காயப்போடக் கூடாது. இவற்றைத் தமிழாக்கி, தேவையானதைச் சேர்த்து, குடியிருப்போர் சங்கத்தின் விதிகளாக எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்தது என்பது பொய். நான்தான் கையை உயர்த்தினேன். அரசாங்கக் கந்தோர்களில் காலம் முழுவதும் இருந்து, பிரதம லிகிதராக இளைப்பாறி அப்போது ஆறு மாதம். காலையில் எழும்பினால் என்னிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. மீன் வாங்கக்கூட மனைவி என்னை அனுப்புவதில்லை. நான் வாங்கி வருகிற மீனுக்குக் கண் சிவந்திருக்கிறதாம். இப்படி இருந்தவனிடம் பதினெட்டு வீட்டுக்கு விதி எழுதச் சொன்னால் என்ன நடக்கும்? சங்கத்தின் செயலாளராகவும் ஆகிக்கொண்டு, ஒரு கிழமையில் இருபத்திரண்டு விதிகள் எழுதினேன். உபவிதிகள் தனி.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வாகனம் நிறுத்தும் விதி. ஒரு வீட்டுக்கு ஒரு வாகனம். அதையும் வளவுக்குள் நிறுத்த வேண்டும், பாதையில் சில்லுப் படக்கூடாது. மேலதிக வாகனமானாலும் வந்தவர்களின் வாகனமானாலும் கேற்றடியில் இருக்கும் விருந்தினர் தரிப்பிடத்தில்தான் நிற்கலாம், அதுவும் இரண்டு மணித்தியாலம். அங்கே ஒரு பெட்டிக்குள் பதிவுக் கொப்பி தொங்கும். திகதி, பெயர், வாகன இலக்கம், எந்த வீடு, வந்த நோக்கம் என்று ஐந்து நிரல்கள் அடிமட்டம் வைத்து நானே கோடு போட்டேன். வந்த நோக்கம் என்ற நிரலைக் கொஞ்சம் அகலமாக விட்டேன். மனிதர்கள் எதற்காக வருகிறார்கள் என்று அறிய எனக்கு எப்போதும் ஆவல்.

மாலையில் அந்தக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிவப்புப் பேனையோடு வாசிப்பேன். இலக்கம் பிழையா, நேரம் கூடிவிட்டதா என்று பார்த்து ஓரத்தில் குறிப்பு எழுதுவேன். ஒருநாள் பன்னிரண்டாம் இலக்கத்துக்குக் காய்ச்சல் பார்க்க வந்த டொக்டரின் காரில் எச்சரிக்கைத் துண்டு ஒட்டினேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. இன்னொரு நாள் மனைவியின் தம்பி படுவான்கரையிலிருந்து, அதுதான் வாவிக்கு மேற்கே இருக்கிற வயல் நாட்டிலிருந்து, புது அரிசி மூட்டைகளை உழவு மிசினில் ஏற்றிக்கொண்டு அக்காவுக்கென்று வந்தான். நான் கேற்றிலேயே மறித்தேன். மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தோம், அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் போன பிறகு மனைவி என்னைப் பார்த்தாள்.

"கந்தோரால இளைப்பாறினது நீங்க மட்டுந்தான். கந்தோர் இளைப்பாறல்ல. அது நம்மட வீட்டுக்கு வந்திரிக்கி" என்றாள்.

அதை ஒரு பாராட்டாகவே நான் எடுத்துக்கொண்டேன். எவ்வளவு தூரம் போயிருந்தேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இனிப் பதினோராவது விதி. கொழும்பில் ஒரு வீட்டுத் திட்டத்தில் இருக்கும் நண்பரிடம் அங்குள்ள விதிகளை மாதிரிக்குக் கேட்டிருந்தேன். அதில் ஒரு வாசகம் என்னைக் கவர்ந்துவிட்டது. அதை இப்படித் தமிழாக்கினேன்: "ஒரு காணியில் ஒரு வீடும் ஒரு குசினியும் மாத்திரமே இருத்தல் வேண்டும், பின்வளவில் மேலதிகக் கட்டடம் எதுவும் எழுப்பலாகாது." அந்த 'எழுப்பலாகாது' என்ற சொல்லில் எனக்கு ஒரு மயக்கம். எழுதிவிட்டு இரண்டு தரம் சத்தமாக வாசித்தேன்.

இந்த மண்ணில் பெண்பிள்ளை பெற்ற எவனும் எழுதக்கூடாத விதி அது. எங்களிடம் மகளுக்குக் கல்யாணம் முடிந்தால் வீடு அவளுக்கு. உறுதியை அவள் பெயருக்கு எழுதிக் கொடுப்போம். மருமகன் அந்த வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் அதே வளவில் பின்னால் ஒரு அறையும் குசினியும் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுப்பு வேறு, கிணறு ஒன்று. கூப்பிட்டால் கேட்கும் தூரம், ஆனால் கறிச்சட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாத தூரம். எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். என் மாமனாரும் மாமியாரும் பழைய வளவில் எங்களுக்குப் பின்னால் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களுடைய குசினிப் புகை என் அறை யன்னலால் வரும். இதை எல்லாம் அனுபவித்த நான்தான் அந்த விதியை எழுதினேன்.

ஒருவரும் கவனிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கூட்டத்தில் மூன்று மணித்தியாலம் வாகன விதியைப் பற்றியே பேசினோம். ஆட்டோ ஒரு வாகனமா அரை வாகனமா, தேங்காய் விழுந்து காரின் கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒரே அமளி. பதினோராவது விதி வந்தபோது எல்லாருக்கும் பசி. பேசியவர்கள் முழுப்பேரும் ஆண்கள், ஒப்பம் வைக்க வேண்டிய உரிமையாளர்கள் பெரும்பாலும் அவர்களின் மனைவிமார். கடதாசி வீடு வீடாகப் போய் ஒப்பத்தோடு திரும்பி வந்தது. பிறகொரு நாள் என் மனைவியிடம் நீ வாசிக்கவில்லையா என்று கேட்டேன். நீங்கள் எழுதியதென்று நம்பி வைத்தேன் என்றாள். போதாததற்குக் கடைசி விதியாக இதையும் சேர்த்திருந்தேன்: விதிகளை மாற்றுவதானால் பதினெட்டு வீட்டு உரிமையாளரும் ஒப்பமிட வேண்டும். எனக்குப் பிறகு வருகிற செயலாளர் எவனாவது என் விதிகளைக் கெடுத்துவிடுவான் என்று பயம்.

முதலில் அதில் அகப்பட்டவர் எதிர்வீட்டு அக்கா. இளைப்பாறிய மருத்துவமாது, கணவர் இல்லை, ஒரே மகள். என்னை விட இரண்டு வயது மூப்பு, தம்பி என்றுதான் கூப்பிடுவார். மகளுக்குக் கல்யாணம் முடிந்து, மருமகன் ஆட்டோவோடு வந்து சேர்ந்தார். ஒரு காலை அக்கா ஒரு பப்பாசிப் பழத்தோடு வந்து, பின்னால் சின்னதாக ஒரு அறை போடப் போவதாகவும் திங்கட்கிழமை மேசன் வருவதாகவும் சொன்னார். நான் எழுத்தில் தரும்படி கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாள் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தார். நான் தட்டச்சுச் செய்து பதில் கொடுத்தேன். அக்கா என்று கூப்பிட்ட பெண்ணைத் திருமதி என்று விளித்து, தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, விதி பதினொன்றின்படி அனுமதிக்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று எழுதினேன். பரிசீலித்தவனும் நான்தான், வருந்திய 'நாங்களும்' நான்தான். வருந்தவும் இல்லை. பப்பாசி நல்ல இனிப்பு.

வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்த பிறகு, மகளின் குசினியில் தட்டை ஏந்திக்கொண்டு இருக்க அவருக்கு விருப்பமில்லை. களுதாவளையில் இருக்கும் தங்கையின் வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் ஸ்கூட்டியில் மகளைப் பார்க்க வருவார். மருமகனின் ஆட்டோ வளவுக்குள் நிற்பதால் ஸ்கூட்டி கேற்றடியில், இரண்டு மணித்தியாலம். முதல் வெள்ளி, வந்த நோக்கம் என்ற நிரலில் "என் வீட்டுக்கு" என்று எழுதியிருந்தார். அன்று மாலை அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே "விருந்தினர்" என்று திருத்தினேன். அடுத்த வெள்ளியும் அதையே எழுதினார், அடுத்த வெள்ளியும் வெட்டினேன். நான்காவது வெள்ளி அவரே "விருந்தினர்" என்று எழுதிவிட்டார். பார்த்தாயா, பழகப் பழக எல்லாம் சரிவரும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் போயிற்று. எங்கள் மகளுக்குச் சம்பந்தம் பொருந்தியது. மகள் பள்ளிக்கூட ஆசிரியை. மாப்பிள்ளை கொக்கட்டிச்சோலைப் பக்கம், சொந்த வயல், சொந்த உழவு மிசின், அமைதியான பிள்ளை. மகளுக்கு அவரை நன்றாகப் பிடித்திருந்தது. அவள் வாயால் சொல்லவில்லை, அவர்கள் வருகிறார்கள் என்ற அன்று காலை அவளாகவே வீட்டை இரண்டு தரம் கூட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இருந்து, பலகாரம் சாப்பிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கு ஒரு கேள்வி, மிசினை எங்கே நிறுத்துவது என்று. நான் விதியை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு வாகனம் என்றுதான் இருந்தது, எந்த வாகனம் என்று இல்லை. இந்த மஞ்சள் வீடுகளுக்கு முன்னால் உழவு மிசின் வந்து நிற்கும் என்று எழுதும்போது எனக்குத் தோன்றவேயில்லை. வளவுக்குள்ளேயே நிறுத்தலாம் என்று பெருந்தன்மையோடு சொன்னேன். அந்த அம்மா அடுத்ததாகக் கேட்டது அக்கறையில்தான்.

"புள்ளையளுக்கு வீட்டக் குடுத்திட்டு நீங்க ரெண்டு பேரும் எங்க அண்ணன் இரிக்கப் போறீங்க?"

நான் குசினி யன்னலைத் திறந்து பின்வளவைக் காட்டினேன். அந்த முருங்கைக்குப் பக்கத்தில் ஒரு அறை, ஒரு சின்னக் குசினி, வாவிக் காற்று வரும்படி ஒரு விறாந்தை என்று கையால் வானத்தில் படம் கீறினேன். விறாந்தையின் தூண்வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது மனைவி தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள்.

"பதினோராவது விதி" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

என் கை அப்படியே நின்றது. மாப்பிள்ளை வீட்டார் அதென்ன விதி என்று கேட்டார்கள். நான் ஏதோ சங்கத்து விஷயம் என்று மழுப்பிவிட்டு, தேத்தண்ணியை எடுத்து வாயைச் சுட்டுக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு நாங்கள் எங்கே போவது என்று மனைவி கேட்டாள். சண்டையாகக் கேட்கவில்லை. அழவும் இல்லை, அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவளுடைய காணியை விற்று வாங்கிய வளவு. அதில் ஒரு மூலையில் அவள் தன் கடைசிக் காலத்தில் ஒரு உலை வைக்க முடியாதபடி நான் எழுதி, அவளிடமே ஒப்பமும் வாங்கியிருந்தேன். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று மகள் மெல்லக் கேட்டாள். அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது.

இரண்டு நாள் என் விதியில் நானே ஓட்டை தேடினேன். களஞ்சிய அறை என்று பெயர் வைத்து அதற்குள் கட்டிலைப் போடலாமா? சக்கரம் பூட்டிய அறை என்றால் அது கட்டடமா வாகனமா? வாகனம் என்றால் மிசினோடு சேர்த்து இரண்டாகிவிடும். ஓட்டையே இல்லை. அவ்வளவு திறமாக எழுதியிருந்தேன். கந்தோரில் என் கடிதங்களை யாரும் திருப்பி அனுப்பியதில்லை என்று பெருமை பேசியது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் கடதாசியை எடுத்துக்கொண்டு ஒப்பத்துக்கு இறங்கினேன். பதினோராவது விதியை நீக்கச் சம்மதம், பதினெட்டுக் கோடுகள். பெண்பிள்ளை உள்ள வீடுகளில் கடதாசியை வாசித்த பெண்கள் முதலில் முகம் வெளிறினார்கள், பிறகு என்னைப் பார்த்த பார்வையை எழுத விரும்பவில்லை. எல்லாரும் உடனே ஒப்பம் வைத்தார்கள். பன்னிரண்டாம் இலக்கத்தார் மட்டும், டொக்டரின் காரில் ஒட்டிய துண்டை இரண்டு வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, அதை என்னிடம் கொடுத்துவிட்டு ஒப்பம் வைத்தார்கள். மிஞ்சியது எதிர்வீடு. அக்காவின் மகள் கடதாசியை வாசித்தாள், மடித்தாள், திருப்பித் தந்தாள்.

"அம்மா சொன்னா வைப்பன், மாமா" என்றாள்.

களுதாவளைக்கு என் மோட்டார் சைக்கிளில் போனேன். பிள்ளையார் கோயில் தாண்டும்போது ஒரு கையை எடுத்துக் கும்பிட்டேன். மனதுக்குள் என்ன வேண்டுவதென்று தெரியவில்லை. தங்கையின் வீட்டுக்கு மதிலும் இல்லை, கேற்றும் இல்லை. பழக்கதோஷத்தில் மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் நிறுத்துங்கள் என்றார் அக்கா. அந்தப் பதிலுக்கே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கதிரை தந்தார். கோழிகள் காலைச் சுற்றி மேய்ந்தன. நான் கடதாசியை நீட்டி, ஒத்திகை பார்த்திருந்த நீண்ட மன்னிப்பைத் தொடங்கினேன். அதுவும் கடிதம் மாதிரியே வந்தது. நடுவிலே நிறுத்திவிட்டு, நான் செய்தது பிழை அக்கா என்றேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக் கடதாசியை வாசித்தார். மகளுக்கு அங்கேயே போன் எடுத்து, ஒப்பத்தை வைத்துக் கொடு பிள்ளை என்றார். அவ்வளவுதான். நான் திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன், அது கிடைக்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அறைக்கு விடாதது விதி, சரி. நான் எழுதினத ஏன் தம்பி வெட்டினீங்க? அது ஆருக்கு என்ன செய்த?"

இனி நீங்களும் வந்து ஒரு அறை போடுங்கள் அக்கா, மேசனை நானே பிடித்துத் தருகிறேன் என்றேன். அவர் கோழிகளைப் பார்த்தார்.

"இஞ்ச தங்கச்சியும் தனியத்தான். மறுகா, எனக்கு இந்தக் கோழியள் இரிக்கி. உங்கட திட்டத்தில கோழியும் கூடாதே" என்றார்.

வெளிக்கிடும்போது ஐந்தாறு முட்டைகளைக் கடதாசியில் சுற்றித் தந்தார். கல்யாணப் பிள்ளைக்கு என்றார். திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் வேகத்தைக் குறைத்தேன், முட்டைக்காகவா வேறெதற்காகவா என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, ஹெல்மெட் இருந்ததால் ஊர் தப்பியது.

விதி நீங்கியது. கல்யாணம் நடந்தது. வீடு மகளுக்கு, முருங்கைக்குப் பக்கத்து அறையும் குசினியும் எங்களுக்கு. விறாந்தைக்கு இடம் போதவில்லை. நான் செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். அக்காவின் மருமகன், ஆட்டோக்காரர், இப்போது செயலாளர். அவர் சிவப்புப் பேனை வைத்திருப்பதில்லை. வாகன விதியையும் நீக்கிவிடலாமே என்று ஒரு கூட்டத்தில் நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் சம்மதிக்கவில்லை. நான் எழுதியதில் உருப்படியான விதி அது ஒன்றுதான் என்றார்கள்.

ஆகவே வளவுக்குள் மருமகனின் உழவு மிசின் நிற்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு வாகனம். என் மோட்டார் சைக்கிள் மேலதிக வாகனம், அதற்குக் கேற்றடி. இரண்டு மணித்தியால எல்லையை மட்டும் எனக்குத் தளர்த்தினார்கள், சிரித்துக்கொண்டே தீர்மானம் எடுத்தார்கள். ஒவ்வொரு தரமும் கொப்பியில் பதிய வேண்டும். திகதி, பெயர், இலக்கம், எந்த வீடு. கடைசி நிரல் அகலமாக இருப்பதால் பேனை அங்கே வந்ததும் கொஞ்சம் தயங்கும். "என் வீட்டுக்கு" என்று எழுதுகிறேன். மறுநாள் காலை போய் யாராவது வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். இதுவரை ஒருவரும் வெட்டவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மேல் வரியில் அக்காவின் உருண்டைக் கையெழுத்து இருக்கும். போன வெள்ளி, பின்வளவில் அறை போட இப்போது தடையில்லை, இனியாவது பழையபடி எழுதுங்கள் அக்கா என்று கேற்றடியில் என் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டே கேட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். பெட்டியைத் திறந்து கொப்பியை எடுத்தார். திகதி, பெயர், ஸ்கூட்டியின் இலக்கம், மகளின் வீடு எல்லாவற்றையும் ஆற அமர எழுதினார். கடைசி நிரலில் "விருந்தினர்" என்று எழுதிவிட்டு, பேனையை என்னிடம் நீட்டினார்.